மாமா ஆரஞ்சு வாங்கக் கற்ற கதை

எங்கள் மாமா முதன்முதலாக வாங்கிவந்த ஆரஞ்சுப் பழங்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. அவற்றை எவர்சில்வர் தட்டு ஒன்றில் அடுக்கிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். ஒரே அச்சில் வார்த்தெடுத்து மெருகேற்றியதுபோல் பளபளத்தன. மாமா என்றால் என் கணவரின் அப்பா. கணபதி பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்து, பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுத்தே ஆயுளைக் கழித்தவர். உருண்டையானதில் ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பழத்தையும் அந்தக் கண்ணோடுதான் பொறுக்கியிருந்தார். உரித்தபோது தோலுக்கும் சுளைக்கும் நடுவே விரல் போகும் அளவுக்குக் காற்று. சுளைகள் சாறற்றுப் பஞ்சாகக் கிடந்தன.

அதுவரைக்கும் அந்த வீட்டில் அவர் ஒரு பழம்கூட வாங்கியதில்லை. வாங்க வேண்டிய தேவையே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் அத்தை மாதா கோயிலிலிருந்து நேராகப் பழக்கடைக்குப் போய்விடுவார். மாமா வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, செய்தித்தாளைப் புரட்டியபடி அவருக்காகக் காத்திருப்பார். என்ன வாங்கினாய் என்று பையைத் திறந்து பார்க்கும் வழக்கம்கூட அவருக்குக் கிடையாது. அத்தை தட்டில் வைத்து நீட்டினால் சாப்பிடுவார். நானும் கல்யாணமாகி வந்த நாள்முதல் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு அத்தைக்கு மார்பில் புற்றுக்கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். என் கணவர் நெசவு இயந்திரங்கள் நிறுவும் வேலையில் இருப்பவர். மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில்தான் இருப்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பகல் முழுக்க வீட்டில் அத்தையும் மாமாவும் மட்டும்தான்.

மருந்து உடம்பில் ஏற ஏற, சாப்பாடு அத்தையை விட்டு விலகிப் போனது. குழம்பு கொதிக்கும் வாசனை வந்தாலே முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வார். வாயில் எதை வைத்தாலும் இரும்புத் துருவை நக்கியதுபோல இருக்கிறது என்றார். டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். எடை இப்படியே இறங்கிக்கொண்டு போனால் அடுத்த முறை மருந்து ஏற்றுவதைத் தள்ளிப்போட வேண்டிவரும், தள்ளிப்போடுவது நல்லதல்ல. புளிப்பும் இனிப்புமான பழம் இவருக்கு ஒருவேளை இறங்கலாம். ஆனால் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பதால் கண்ட பழத்தையும் கொடுக்கக் கூடாது. திராட்சை, கொய்யா எல்லாம் வேண்டாம். கெட்டித் தோலாக இருக்க வேண்டும், கழுவி உரித்துத்தான் தர வேண்டும். அடிபட்டது, கனிந்து இளகியது, பூசணம் தொட்டது எதுவும் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், பழம் இனிமேல் என் பொறுப்பு என்று மாமா சொன்னார். அன்று சாயங்காலம் வந்தவைதான் நான் சொன்ன அந்தப் பளபளப்பான ஆரஞ்சுகள்.

அத்தை இரண்டு சுளையை வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்குதுங்க என்றார். மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாளும் அதே கடைக்குப் போய் அதே மாதிரிப் பழத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிவந்தார். அதற்கு மறுநாளும் அப்படியே. உரித்து, நாரை ஒவ்வொன்றாக எடுத்து, கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பார். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் கிண்ணம் காலியாக இருக்கும். ஆனால் எடை மட்டும் ஏறவில்லை.

ஒரு சனிக்கிழமை, அத்தையின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். தலையணை உறைக்குள் ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் காகிதத்தில் மடித்து வைத்த ஆரஞ்சுச் சுளைகள். மென்று சக்கையாகத் துப்பியவை கொஞ்சம், வாயிலேயே வைக்காதவை கொஞ்சம். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா வெந்நீர்ப் பாட்டிலோடு உள்ளே வந்துவிட்டார். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். பாட்டிலை மேசையில் வைத்தார்.

மாமா சட்டென்று கோபப்படுகிறவர். பட்டறையில் அவர் குரல் கேட்டால் மிஷின் சத்தமே அடங்கிவிடும் என்று என் கணவர் சொல்வார். அன்றைக்கு அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நல்லா இல்லியா புள்ள?"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க" என்றார் அத்தை.

"நீ நல்லாருக்குதுன்னு சொன்னா, நான் மறுக்காவும் அதையேதான வாங்கிட்டு வருவேன். நல்லா இல்லீன்னா இல்லீன்னு சொல்லிப்போடு. நீ பொய் சொன்னா நான் எப்புடிக் கத்துக்கறது?"

அத்தை தலை குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்லும் பிள்ளையைப்போல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "சாறே இல்லீங்க. சக்கையா இருக்குது. முழுங்க முடியிலீங்க."

அந்த வீட்டில் ஒரு பொருளைப் பற்றி அத்தை நன்றாக இல்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா வாங்கிவந்த சேலை, மாமா கூட்டிப்போன ஊர், மாமா பார்த்துவைத்த பால்காரர், எல்லாமே அத்தைக்கு எப்போதும் நன்றாகத்தான் இருந்தன. அத்தனை வருடமாக எத்தனை முறை அப்படிச் சொல்லியிருப்பார், அவற்றில் எத்தனை நிஜம் என்று மாமா அந்த நேரத்தில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் முகம் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்கவில்லை. நல்ல பழத்தை எப்படிப் பார்த்து எடுப்பது என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பழத்தைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்து அவ்வளவு பேச்சு அவர்களுக்குள் அதற்குமுன் நடந்ததில்லை. முதலில் மாமா கடையில் நின்றுகொண்டு செல்போனில் வீடியோ போட்டு ஒவ்வொரு பழமாகக் காட்டினார். அத்தை படுத்தபடியே பார்த்துவிட்டுச் சிரித்தார். பழத்தைப் பார்த்து வாங்கக் கூடாதுங்க, தூக்கி வாங்கோணும் என்றார். ஒரே அளவில் இரண்டை எடுத்து கைக்கு ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். எது கனக்கிறதோ அதில்தான் சாறு. பெரிதாக இருந்தும் கைக்கு லேசாக இருந்தால் அது வெறும் தோலும் காற்றும்தான். பளபளப்பை நம்பக் கூடாது, அது மெழுகாக இருக்கும்.

கனம் என்ற விஷயம் மாமாவுக்கு உடனே பிடிபட்டது. இரும்பைக் கையில் வாங்கியே எடை சொன்னவர். காம்புதான் அவருக்குப் பிடிபட நாளானது. காம்புப் பொட்டு பச்சையாக, பழத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பறித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். கறுத்து உதிர்ந்து அந்த இடம் குழிந்திருந்தால் பழம் ரொம்ப நாள் மூட்டைக்குள் கிடந்தது என்று அர்த்தம். அழுகலும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அடிப்பக்கத்தை விரலால் மெல்லத் தொட்டால் போதும். இளகிப்போயிருந்தால் அந்தப் பழத்தை மட்டுமல்ல, அதை ஒட்டிக் கிடந்த பழங்களையும் விட்டுவிட வேண்டும். மேல்தோலில் காற்றில் கிளை உரசிய பழுப்புக் கீறல் இருந்தால் பாதகமில்லை. இதையெல்லாம் அத்தை ஒரே நாளில் சொல்லவில்லை. அன்றன்றைக்கு வந்த பழத்தை உரித்து வைத்துக்கொண்டு, இது ஏன் இப்படி இருக்கிறது, நேற்றைக்கு ஏன் அப்படி இருந்தது என்று பேசிப் பேசி வந்தவை.

கடைக்காரருக்கு மாமாமேல் முதலில் எரிச்சல்தான். நீங்க இப்படி எல்லாத்தையும் அமுக்கிப் பார்த்தா மத்தவங்க எப்புடிங்க வாங்குவாங்க என்று கேட்டுவிட்டாராம். வீட்டுக்கு வந்து மாமா அதைச் சொன்னபோது அத்தை, அவர் கேட்டது சரிதானே என்றார். தூக்கிப் பாருங்க, அமுக்க வேண்டாம். மறுநாள் மாமா கடைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, இனி அமுக்க மாட்டேன் என்றிருக்கிறார். வீட்டில் மருந்து ஏற்றிக்கொள்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, புது மூட்டை பிரிக்கும்போது கடைக்காரரே மாமாவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

வாய்ப்புண் வந்த நாட்களில் ஆரஞ்சு எரிந்தது. அப்போது சாத்துக்குடி. அது பச்சையும் மஞ்சளுமாக இருந்தாலும் குற்றமில்லை. தோல் தடித்து மேடுபள்ளமாக இருந்தால்தான் சாறு குறைவு என்று அதற்கொரு பாடம். கழுவித் துடைத்து, பிழிந்து, உடனே கொடுப்பார். வைத்திருந்தால் கசந்துவிடும். கிண்ணத்தையும் டம்ளரையும் இப்போது அவர் காலியாகிறதா என்று பார்ப்பதில்லை. அத்தையின் முகத்தைப் பார்ப்பார். அத்தை, இன்னைக்கு ஆகுலீங்க என்றால் சரி என்று எடுத்துப் போய்விடுவார். முகத்தில் வருத்தம் தெரியாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். சமையலறைக்கு வந்து கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது நல்ல ஆரஞ்சு கிடைப்பது குறைந்துபோனது. ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டுப் பழங்கள்தான் கடையெங்கும். அவை மோசமில்லை, சாறு இருந்தது. ஆனால் ஒரே தித்திப்பு. அத்தை ஒரு சுளையோடு நிறுத்திக்கொண்டார். தித்திப்பாத்தானே இருக்குது, பின்ன என்ன என்று மாமா கேட்டார். அத்தை சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"எனக்குக் கொஞ்சம் புளிப்பு இருந்தாத்தானுங்க புடிக்கும். சின்னதுல இருந்தே அப்புடித்தான்."

அது மாமாவுக்குத் தெரியாது. எனக்கும்தான். மாமாவுக்குத் தித்திப்புப் பிடிக்கும் என்பதால் அந்த வீட்டுக்குள் தித்திப்பான பழமே வந்துகொண்டிருந்தது. அவ்வளவு நன்றாகப் பழம் பொறுக்கத் தெரிந்த ஒருவர், தனக்குப் பிடித்ததைத் தனக்காக ஒருமுறையும் பொறுக்கியதில்லை. மாமா எழுந்து போய்த் தெருமுனைப் பழக்கடைக்காரரிடம் ஏதோ விசாரித்துவிட்டு வந்தார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது மாமா வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா அத்தைக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். மாமா காலையிலேயே கிளம்பிவிட்டாராம், எங்கே என்று சொல்லவில்லையாம். செல்போன் சார்ஜில் கிடந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாமாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்து ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அத்தை மட்டும் ஜெபமாலையை உருட்டியபடி, வந்துருவாரு கண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ்ஸில் போயிருக்கிறார். மலைத்தோட்டத்து ஆரஞ்சு மழைக்காலத்தில் கொஞ்சமாய் அங்கே இறங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சரக்கு வரத் தாமதமானதால் காத்திருந்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். திரும்பும்போது காரமடை தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிட, மழையில் இறங்கி வேறு பஸ் பிடித்திருக்கிறார். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா மாமா என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். சொன்னா நீ உட மாட்டியே கண்ணு என்றார்.

பையைக் கவிழ்த்தார். நான் இன்னும் சோர்ந்துபோனேன். சின்னச் சின்னப் பழங்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. பாதி பச்சை, பாதி மஞ்சள். தோலெல்லாம் கீறலும் தழும்பும். யாரோ கழித்துப் போட்டதை அவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். முதன்முதலாக வாங்கிவந்தபோது இப்படி ஒரு பழத்தை அவர் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

மாமா தலையைத் துவட்டிச் சட்டையை மாற்றினார். கையை சோப்புப் போட்டுக் கழுவினார். பழங்களை ஓடுகிற தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, சுத்தமான துண்டில் துடைத்தார். ஒன்றைக் கையில் வைத்து எடைபார்த்தார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதைத்தான் அத்தையின் அறைக்குக் கொண்டுபோய், அவர் எதிரில் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் கீறினார்.

அந்த வாசனை அறை முழுவதும் பரவியது. எந்த வாசனை வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அத்தை, சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். மாமா ஒரு சுளையை நீட்டினார். அத்தை வாயில் வைத்துக் கடித்ததும் கண்ணைச் சுருக்கினார். நல்ல புளிப்பு என்று அந்த முகமே சொன்னது. மாமா நல்லா இருக்கிறதா என்று கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை. அடுத்த சுளைக்குக் கை நீட்டினார். முழுப் பழமும் தீர்ந்தது.

"இன்னொன்னு உரிங்க" என்றார் அத்தை.

மாமா உரித்தார். அவசரத்தில் தோல் துண்டு துண்டாக வந்தது.

அந்தப் பழம் கிடைத்த வரைக்கும் மாமா மேட்டுப்பாளையம் போய்வந்துகொண்டிருந்தார், என்னிடம் சொல்லிவிட்டு. ஆரஞ்சினால்தான் அத்தை பிழைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். பிழைக்கவைத்தது மருந்தும் டாக்டரம்மாவும். ஆனால் ஆரஞ்சு இறங்கிய வாயில் பிறகு தயிர்சோறு இறங்கியது, அதன்பின் இட்லி இறங்கியது. எடை இறங்குவது நின்றது. மருந்து ஒருமுறையும் தள்ளிப்போகவில்லை.

சிகிச்சை முடிந்து, இனி வழக்கம்போல எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, திரும்பி வரும் வழியில் மாமா காரில் முன்சீட்டிலிருந்து திரும்பி, என்ன வேணும் புள்ள, சொல்லு என்றார். அத்தை யோசிக்கவே இல்லை. திராட்சை என்றார். மாமா முகம் வாடிவிட்டது. "ஆரஞ்சு இப்பத்தான் ஒருவழியாப் படிச்சேன். திராட்சையை எப்புடிப் பாக்கறதுன்னு எனக்கு என்ன தெரியும்" என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரும் சிரித்துவிட்டார். அன்றைக்குக் கடைக்கு இருவருமாகவே இறங்கிப் போனார்கள். அத்தை தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தார். மாமா பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

அதற்குப் பிறகு மாமா அதிகக் காலம் இருக்கவில்லை. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் ஒரு சிரமமும் வைக்காத சாவு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அத்தை அதற்குத் தலையாட்டவில்லை. இன்னும் கொஞ்ச நாள் சிரமம் வெச்சிருக்கலாம் என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

போன மாதம் எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை அதிகம். கடைக்குப் போக நேரமில்லாமல் செல்போனிலேயே ஆரஞ்சுக்குச் சொல்லிவிட்டேன். கால் மணி நேரத்தில் வாசலில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். வலைப்பையில் அழகாகக் கட்டிய பழங்கள். அத்தை பையோடு தூக்கிப் பார்த்தார். அடுத்து ஒன்றைத் தனியாக எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"இது வேண்டாங்கண்ணு. திருப்பிக் குடுத்துரு. நாம போய் வாங்கிக்கலாம்."

முன்பென்றால், நீ பாவம், வேலைக்கு நடுவுல வாங்கியிருக்கற என்று ஏதாவது சொல்லி, எல்லாவற்றையும் அவரே உரித்துத் தின்று தீர்த்திருப்பார். எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. விடைத்தாளை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. இருவரும் நடந்தே போனோம். கடையில் அத்தை அவசரப்படவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பழம் வைத்து, ஒன்றை விட்டு, ஒன்றை எடுத்து, கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததில் இரண்டைத் திருப்பி வைத்தார்.

திரும்பும் வழியில் கால் வலிக்கிறது என்று பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். பையைத் துழாவி ஒரு பழத்தை எடுத்தார். கொஞ்சம் பச்சை கலந்தது, புளிப்பாக இருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது. அங்கேயே உரித்தார். பழத்தை இரண்டாகப் பிட்டபோது ஒரு பாதி பெரிதாகவும் ஒரு பாதி சின்னதாகவும் பிரிந்தது. அத்தை இரண்டையும் ஒரு கணம் பார்த்தார். சின்னதை என் கையில் கொடுத்துவிட்டு, பெரியதைத் தான் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நிதானமாகத் தின்ன ஆரம்பித்தார்.